பல கார்களின் உதிரிகளோடு வந்த பழைய அம்பாசிடரை ஓட வைப்பது எப்படி?

பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். பானட்டைத் திறந்தால் எஞ்சின் ஒரு வருடத்தது, கியர் பாக்ஸ் இன்னொரு வருடத்தது, ஒயரிங் யார் செய்தது என்றே தெரியவில்லை. விற்றவரைக் கேட்டால், "நான் வாங்கும்போதே அப்படித்தான் சார் இருந்தது" என்கிறார். இந்த நிலையில் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

என்னுடையது 1974ஆம் ஆண்டு மார்க் 2 மாடல். ஆர்.சி. புத்தகத்தில் ஒரு எஞ்சின் எண், வண்டியில் வேறு எஞ்சின். முன் வீல்களில் இடது பக்கம் ஓர் அளவு வீல் சிலிண்டர், வலது பக்கம் இன்னோர் அளவு. பேட்டரியை சார்ஜ் செய்யும் பழைய டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டியிருந்தார்கள். ஆனால் டைனமோவின் கட்அவுட் (டைனமோவையும் பேட்டரியையும் சேர்த்துப் பிரிக்கும் ரிலே) அப்படியே இணைப்பில் கிடந்தது. இதையெல்லாம் சரிசெய்யப் பட்ட பாட்டில் எனக்குப் புரிந்த முக்கியமான விஷயம் ஒன்றுதான். வேறு வண்டியிலிருந்து வந்தது என்பதற்காக ஓர் உதிரியைக் கெட்டது என்று தூக்கிப்போட வேண்டியதில்லை. ஜோடியாக வேலை செய்ய வேண்டிய இரண்டு பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இடது வீலுக்கு வலது வீல், மரைக்கு போல்ட், கன்ராடுக்கு (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் தண்டு) அதன் மூடி, எஞ்சினுக்கு ஆர்.சி. ஆபத்தும் செலவும் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

1. ஸ்பேனரைத் தொடும் முன் ஆர்.சி.யைத் திறங்கள்

வண்டியில் ஒரு ரூபாய் செலவு செய்வதற்கு முன், ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண், சேசிஸ் எண், எரிபொருள், உற்பத்தி ஆண்டு ஆகிய நான்கையும் வண்டியோடு ஒப்பிடுங்கள். அந்தக் காலத்து பெட்ரோல் எஞ்சினில் எண் தகடு ரிவெட் அடித்து இருக்கும். தகட்டைக் கழற்றி வேறு பிளாக்கில் அடித்துவிட முடியும் என்பதால் ரிவெட் பழையதா புதியதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சேசிஸ் எண்ணைத் துருவோடு விட்டுவிடாதீர்கள். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, வெள்ளைத் தாள் வைத்து பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து வையுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இந்த அச்சைக் கேட்பார்கள்.

எஞ்சின் எண் பொருந்தாவிட்டால்: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இதற்கானது. எஞ்சினை மாற்றினால் பதிவு அலுவலகத்தின் அனுமதி பெற்று, மாற்றிய 14 நாளுக்குள் தெரிவித்து, ஆர்.சி.யில் பதிய வேண்டும். முந்தையவர் இதைச் செய்திருந்தால் ஆர்.சி.யில் அதற்கான குறிப்பு இருக்கும். இல்லையென்றால் அந்த எஞ்சினை எங்கே வாங்கினார் என்பதற்கு எஞ்சின் எண்ணோடு கூடிய பில்லை அவரிடமே கேட்டு வாங்குங்கள். விற்ற பணம் கைக்குப் போன பிறகு யாரும் பில் தேடித் தர மாட்டார்கள்.

பெட்ரோல் என்று எழுதிய ஆர்.சி.; உள்ளே இருப்பதோ மெட்டடார் வேனின் டீசல் எஞ்சின். இப்படி ஏராளமான அம்பாசிடர்கள் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் ஓடியிருக்கின்றன. அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருந்தால் வாங்கலாம். ஏறவில்லையென்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பதே என் முடிவு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பது இதைத்தான்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29 (இரண்டு பிரதி), படிவம் 30. வண்டி அதே மாநிலத்தில் பதிவானது என்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கிய நீங்கள் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உரிமையாளர் இறந்துபோய் வாரிசிடம் வாங்குகிறீர்கள் என்றால் முதலில் வாரிசு தன் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்குப் படிவம் 31. ஆர்.சி. தொலைந்திருந்தால் காவல் துறையில் புகார் பதிந்த சான்றோடு படிவம் 26. வேறு மாநில வண்டி என்றால் அங்கிருந்து தடையில்லாச் சான்று. அது படிவம் 28.

கையால் எழுதிய பழைய ஆர்.சி. புத்தகமாக இருந்தால், வண்டியின் பதிவு எண் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வருகிறதா என்று இப்போதே தேடிப் பாருங்கள். வராவிட்டால் பழைய பதிவேட்டிலிருந்து கணினியில் ஏற்றச் சொல்லித் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அது முடியும்வரை மேலே சொன்ன எதுவும் நகராது. பட்டறை வேலை நடக்கும்போதே இதையும் ஆரம்பித்துவிட்டால் காலம் மிச்சமாகும்.

2. புதுப்பித்தலா, பழம்பெரும் வாகனப் பதிவா?

சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டு. அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் படிவம் 25. காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்து கொடுக்கலாம். 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த காருக்குப் புதுப்பித்தல் கட்டணம் ₹5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசு அறிவிப்பில் 20 ஆண்டு கடந்த காருக்கு ₹10,000 ஆக உயர்ந்தது. பசுமை வரி தனி. பலரும் கணக்கில் எடுக்காதது தாமதக் கட்டணம்: காருக்கு மாதம் ₹500. ஆர்.சி. காலாவதியாகிப் பல வருடம் கொட்டகையில் கிடந்த வண்டி என்றால் கூட்டிப் பாருங்கள், விலை பேசும்போது அந்தத் தொகையைக் கழிக்கச் சொல்லுங்கள்.

50 ஆண்டு கடந்த வண்டிக்கு இன்னொரு வழி இருக்கிறது. 2021 ஜூலையில் வந்த பழம்பெரும் (விண்டேஜ்) வாகன விதிகளின்படி படிவம் 20இல் விண்ணப்பித்துப் பதியலாம். பதிவுக் கட்டணம் ₹20,000, அடுத்த புதுப்பித்தலுக்கு ₹5,000. சான்று 60 நாளுக்குள் தரப்பட வேண்டும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிபவற்றுக்கு வி.ஏ. வரிசை எண்.

கேட்கக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் இரண்டு நிபந்தனைகளைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். ஒன்று, அந்தப் பதிவில் உள்ள வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், ஆய்வு, பெட்ரோல் போட, பழுது பார்க்க, அவ்வளவுதான். இரண்டு, வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. பல கார்களின் உதிரி சேர்ந்த வண்டிக்கு இரண்டாவது நிபந்தனைதான் இடிக்கும். பிற்கால அம்பாசிடரின் இசுசு எஞ்சினும் ஃப்ளோர் கியரும் ஏறிய மார்க் 2க்கு இந்த வழி சரிவராது. அதனால் இந்த முடிவை முதலிலேயே எடுங்கள். வாரம் ஒருமுறையாவது குடும்பத்தோடு ஓட்ட ஆசை என்றால் சாதாரணப் புதுப்பித்தலே போதும், பாதுகாப்பான உதிரி எதுவாக இருந்தாலும் ஏற்கலாம். அசல் வடிவம்தான் குறி என்றால் செலவு வேறு, காலம் வேறு.

3. கழற்றாமல் ஒரு பட்டியல்

ஒரு நோட்டுப் புத்தகம், செல்போன் கேமரா, மாஸ்கிங் டேப், வெர்னியர். இவை போதும். வண்டியை முன்னிருந்து பின்னாகப் பார்த்து ஒவ்வொரு பாகத்தையும் எழுதுங்கள்: அதில் அடித்திருக்கும் எண், எந்த வண்டிக்குரியது, அதன் ஜோடி எங்கே, ஜோடி பொருந்துகிறதா.

எண்கள் நிறையச் சொல்லும். பேரிங்கில் 6205 என்று இருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள். உள்விட்டம் 25 மி.மீ. ஆயில் சீலில் 35-52-7 என்று இருந்தால் உள்விட்டம், வெளிவிட்டம், கனம். இந்த எண் இருந்தால் கடைக்காரரிடம் அம்பாசிடர் என்று சொல்லவே தேவையில்லை. பேரிங் கடையிலேயே வாங்கிவிடலாம்.

கிரவுன் பினியன் (பின் ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி) மாறியிருக்கிறதா என்று ஹவுசிங்கைத் திறக்காமல் அறிய ஒரு வழி உண்டு. முன் வீல்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போடுங்கள். ஒரு பின் வீலை நகராமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றதைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். அதற்குள் புரப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுவே விகிதம். நாலரைச் சுற்று என்றால் நாலரைக்கு ஒன்று. சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டால் எண்ணுவது எளிது. எஞ்சின் மாற்றியவர்கள் பல நேரம் பினியனை அப்படியே விட்டிருப்பார்கள், அல்லது பினியனை மாற்றி ஸ்பீடோமீட்டரை விட்டிருப்பார்கள். முள் காட்டும் வேகத்தை நம்பாதீர்கள், செல்போன் ஜி.பி.எஸ். வைத்து ஒருமுறை ஒப்பிட்டு எழுதி வையுங்கள்.

இந்தப் பட்டியலை முடிக்காமல் எதையும் கழற்றக் கொடுக்காதீர்கள். பட்டறையில் கழற்றிக் குவித்த பிறகு எது எந்தப் பக்கத்தது என்று மேஸ்திரிக்கே நினைவிருக்காது.

4. மரை: எல்லாவற்றிலும் பெரிய வலை

அம்பாசிடர் பிரிட்டிஷ் வழி வந்த வண்டி. பழைய மார்க்குகளின் போல்ட்டுகள் இன்ச் அளவு, பெரும்பாலும் யு.என்.எஃப். எனப்படும் நெருக்கமான இன்ச் மரை. பின்னால் வந்த இசுசு எஞ்சினும் இன்று கடையில் கிடைக்கும் போல்ட்டும் மில்லிமீட்டர். இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும். 5/16 இன்ச் போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ., இன்ச்சுக்கு 24 மரை. எம்8 போல்ட் 8 மி.மீ., இன்ச்சுக்குச் சுமார் 20 மரை. எம்8ஐ 5/16 துளையில் வைத்தால் ஒன்றிரண்டு சுற்று ஏறும், அப்புறம் பிடிக்கும். "அதெல்லாம் ஏறிடும் சார்" என்று நீளமான ஸ்பேனர் போட்டு இறுக்குவார்கள். ஏறவும் செய்யும், உள்ளே இருந்த மரையை அறுத்துக்கொண்டு. எதிர்ப்பக்கமும் உண்டு: கால் இன்ச் துளையில் எம்6 போல்ட் லொடலொடவென்று உட்காரும், இறுக்கினால் இறுகியது போலத் தெரிந்து ஓட்டத்தில் கழன்றுவிடும்.

கண்டுபிடிப்பது எப்படி? போல்ட் தலையைப் பாருங்கள். 8.8 போன்ற எண் இருந்தால் மில்லிமீட்டர். நடுவிலிருந்து மூன்று கோடோ ஆறு கோடோ இருந்தால் இன்ச். ஒன்றும் இல்லையென்றால் மரை கேஜ் வைத்துப் பாருங்கள்; சில நூறு ரூபாய்தான், வண்டி வைத்திருக்கும்வரை பயன்படும். ஸ்பேனரும் சொல்லும்: அரை இன்ச் தலை 12.7 மி.மீ. என்பதால் 13ஆம் நம்பர் ஸ்பேனர் ஆடும், 12 ஏறாது. இன்ச் ஸ்பேனர் செட் ஒன்று நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பட்டறைகள் பலவற்றில் அது இல்லை. ஆடும் ஸ்பேனரைப் போட்டு மூலை மழுங்கிய நட்டுகள்தான் உங்கள் வண்டி முழுக்க இருக்கும்.

அறுந்த துளைக்குப் பெரிய அளவில் புது மரை வெட்டுவதைவிட, லேத் பட்டறையில் ஹெலிகாயில் (துளைக்குள் புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) போட்டு அசல் அளவுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். அடுத்த முறை யார் கை வைத்தாலும் குழப்பம் வராது.

இதில் உயிர் போகிற இடம் பிரேக் பைப். பழைய பைப்பின் நட்டு 3/8 இன்ச், இன்ச்சுக்கு 24 மரை, விட்டம் 9.53 மி.மீ. பின்னால் வந்த வண்டிகளில் எம்10, ஒரு மி.மீ. பிட்ச். மரை எண்ணிக்கை ஏறக்குறைய சமம் என்பதால், 3/8 நட்டு எம்10 துளையில் சுலபமாக உட்கார்ந்து இறுகவும் செய்யும். பிடிப்பு அரைகுறைதான். அவசரத்தில் பெடலை அழுத்தி மிதிக்கும்போது பிடுங்கிக்கொள்ளும். பைப் நுனியின் வடிவமும் இரண்டு வகை: உள்ளே மடித்த டபுள் ஃபிளேர், குமிழ் மாதிரியான பபுள் ஃபிளேர். ஒன்றின் இருக்கையில் மற்றது உட்காராது. வேறு மாஸ்டர் சிலிண்டர் போட்ட வண்டி என்றால் ஒவ்வொரு இணைப்பையும் கழற்றி மரையும் நுனியும் பார்த்துவிடுங்கள். சந்தேகம் இருக்கும் பைப்பைத் தூக்கிப்போட்டுப் புதிதாகச் செய்யச் சொல்லுங்கள்.

5. முதலில் நிற்க வேண்டும்

எஞ்சினை ஓட வைத்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் இருக்கும். பிரேக்கை முடிக்காமல் அதைத் தொடாதீர்கள்.

முன் வீல்கள் இரண்டிலும் வீல் சிலிண்டர் ஒரே அளவா என்று பாருங்கள். ஒருபக்கம் 7/8 இன்ச்சும் மறுபக்கம் ஒரு இன்ச்சும் இருந்தால், பெரியது சுமார் 30 சதவீதம் கூடுதல் விசையோடு தள்ளும். மிதித்த உடனே வண்டி ஒருபக்கம் இழுக்கும். பலர் இதை அலைன்மென்ட் கோளாறு என்று நினைத்து டயர் கடைக்குப் போய்க்கொண்டே இருப்பார்கள். பிரேக் ஷூ லைனிங்கும் அப்படித்தான். ஒரே ஆக்சிலில் இரண்டு பக்கமும் ஒரே தயாரிப்பு, ஒரே சமயத்தில். டிரம்மைக் கடைசல் பிடித்தால் இரண்டையும் பிடியுங்கள்.

டாங்கில் இருக்கும் ஆயில் எது என்று தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் கிடைக்காத இடத்தில் எஞ்சின் ஆயிலை ஊற்றியவர்கள் உண்டு. மினரல் ஆயில் பட்டால் ரப்பர் கப் ஊதிப் பெருத்து சிலிண்டருக்குள் மாட்டிக்கொள்ளும். முழுவதும் வடித்து, எல்லா ரப்பரையும் ஹோஸையும் மாற்றி, டாட் 3 அல்லது டாட் 4 ஊற்றுங்கள். பழைய லைனிங் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதவிடாதீர்கள், ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள், பட்டறைப் பையனுக்கும் ஒரு மாஸ்க் வாங்கிக் கொடுங்கள்.

6. முன்பக்கம், டயர்

அம்பாசிடரின் முன்பக்கத்தைத் தாங்குவது டார்ஷன் பார், அதாவது முறுக்கப்பட்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் எஃகுத் தண்டு. ஒரு திசையில் முறுக்கிப் பழகிய பாரை மறுபக்கம் மாட்டினால் எதிர்த்திசையில் முறுக்கு வாங்கி, காலப்போக்கில் உடையும். சமதரையில் நிறுத்தி, வீல் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பார் மாறியிருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது. இதைக் கழற்றும் வேலையை அம்பாசிடர் பழகிய மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள். முறுக்கில் இருக்கும் பார் விடுபட்டால் கை எலும்பு தாங்காது.

ரேடியல் டயரையும் சாதா நைலான் டயரையும் ஒரே ஆக்சிலில் கலக்காதீர்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள்.

7. ஒயரிங்: எர்த் எந்தப் பக்கம்?

டைனமோ காலத்து வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த். ஆல்டர்னேட்டருக்கு நெகட்டிவ் எர்த் வேண்டும். தலைகீழாக இணைத்த நொடியிலேயே டயோடு எரிந்துவிடும். ஆகவே பேட்டரியை வைப்பதற்கு முன், இப்போது இருப்பது டைனமோவா ஆல்டர்னேட்டரா என்று பார்த்து, அதற்கேற்ப எர்த் கேபிள் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிய வண்டியில் இக்னிஷன் காயிலின் நெகட்டிவ் முனையிலிருந்துதான் டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒயர் போக வேண்டும். ஆம்ப் மீட்டர் முள் எதிர்த்திசையில் ஆடினால் அதன் இரண்டு ஒயரையும் இடம் மாற்றுங்கள். ஆல்டர்னேட்டர் வந்தபின் பழைய கட்அவுட்டுக்கு வேலை இல்லை. இணைப்பிலிருந்து முழுவதும் எடுத்துவிடுங்கள்.

காயிலிலும் ஜோடி உண்டு. மல்டிமீட்டரில் முதன்மைச் சுற்று சுமார் 3 ஓம் காட்டினால் நேரடி 12 வோல்ட்டுக்கானது. ஒன்றரை ஓம் காட்டினால் அதற்கு முன் ஒரு ரெசிஸ்டர் இருந்தே ஆக வேண்டும். இல்லாமல் ஓட்டினால் காயில் கொதிக்கும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் கருகும். நீங்கள் புதுப் புது பாயிண்ட் வாங்கிக்கொண்டே இருப்பீர்கள்.

எஞ்சினை இறக்கி ஏற்றிய வண்டிகளில் எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையேயான எர்த் பட்டையை மாட்ட மறந்துவிடுவார்கள். அப்போது செல்ஃப் மோட்டாரின் மின்சாரம் முழுவதும் சோக் கேபிள் வழியாகப் போகும். சோக் கம்பி சூடானால் காரணம் இதுதான்.

பாதி ஒயர் நிறம் மாறி, டேப் சுற்றி இருந்தால் ஒட்டுப்போடாதீர்கள். முழு ஒயரிங் செட்டையே மாற்றுங்கள். ஃபியூஸ் பாக்ஸும் ரிலேவும் சேர்த்து. இந்த வண்டிகளில் தீப்பிடிக்கக் காரணம் பெரும்பாலும் ஒயரும் பெட்ரோல் ஹோஸும்தான்.

ஹோஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர் எல்லாவற்றையும் எத்தனாலைத் தாங்கும் வகையில் மாற்றிவிடுங்கள். செலவு குறைவு, தள்ளிப்போட வேண்டாம்.

8. எஞ்சினும் கியர் பாக்ஸும்

பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் நல்ல எஞ்சின். ஆயில் அழுத்தமும் கம்ப்ரஷனும் நான்கு சிலிண்டரிலும் ஏறக்குறைய சமமாக இருந்தால், அழகுக்காகத் திறக்காதீர்கள். திறந்தே ஆக வேண்டுமென்றால் மூன்று ஜோடிகளைக் கவனியுங்கள். கன்ராடிலும் அதன் மூடியிலும் ஒரே எண் இருக்க வேண்டும். மாறியிருந்தால் பேரிங் வட்டமாக உட்காராது. கிராங்க் எந்த அளவுக்குத் தேய்த்திருக்கிறார்களோ அதே அளவு பேரிங்தான் உள்ளே இருக்கிறதா என்று பேரிங்கின் முதுகைப் பாருங்கள். பிஸ்டன் தலையில் அடித்த ஓவர்சைஸ் எண் நான்கிலும் ஒன்றா என்று பாருங்கள்.

ஹெட்டைத் திறந்தால், ஈயம் இல்லாத பெட்ரோலுக்கு ஏற்ற கடின வால்வு சீட் போட்டுவிடுங்கள். நாடு முழுவதும் ஈய பெட்ரோல் 2000இல் நின்றுவிட்டது. மென்மையான பழைய சீட் மெல்ல மெல்ல அமுங்கும்.

வேறு கியர் பாக்ஸ் பொருத்தியிருந்தால் நடுவில் லேத்தில் செய்த ஒரு தகடு இருக்கும். அதன் நடுத்துளை கிராங்க்கின் மையத்தோடு ஒத்துப்போகிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சற்று விலகினாலும் முன் பேரிங்கும் கிளட்ச் பிளேட்டின் ஸ்பிளைனும் அடிக்கடி போகும். தெர்மோஸ்டாட்டை எடுத்தெறிந்திருந்தால் திரும்பப் போடுங்கள்.

9. உதிரி வாங்குவது

சென்னையில் புதிய உதிரிக்கு ஜி.பி. ரோடு, பழையதுக்குப் புதுப்பேட்டை. அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றாலும் டாக்ஸியாக நிறைய ஓடியதால் பிரேக், கிளட்ச், கிங்பின் சாமான்கள் இன்னும் கிடைக்கின்றன. கிடைக்காதது மார்க் 2க்கே உரிய கிரில், பீடிங், டாஷ்போர்டு சாமான்கள். அதற்குக் கொல்கத்தா மல்லிக் பஜாரில் ஆள் பிடித்துத் தேட வேண்டியிருக்கும். அசல் வடிவம் வேண்டும் என்பவர்கள் இதைத்தான் முதலில் தேட ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

போகும்போது பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். வெர்னியரும் கொண்டுபோங்கள். "மார்க் 2க்கு வருமா?" என்று கேட்டால் எல்லாக் கடையிலும் வரும் என்றுதான் பதில் கிடைக்கும். அளந்து பார்த்து வாங்குங்கள். பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பதாகப் பில்லில் எழுதி வாங்குங்கள். பழைய எஞ்சின் வாங்கினால் எண்ணோடு கூடிய பில் இல்லாமல் வண்டியில் ஏற்றாதீர்கள். திருட்டு வண்டியின் எஞ்சினாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

பிரேக் ரப்பர், ஹோஸ், லைனிங், டை ராடு எண்ட், இவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. கண்ணாடி, கைப்பிடி, விளக்கு வளையம், ஹப் கேப் ஆகியவற்றில் பழையதே நல்லது.

10. பட்டறை, பணம், காலம்

மொத்தமாக ஒரு தொகை பேசிக் கொடுக்காதீர்கள். பிரேக், முன்பக்கம், ஒயரிங், எஞ்சின், டிங்கரிங், பெயிண்டிங் என்று தனித்தனியாகப் பேசி, ஒன்று முடிந்தபின் அடுத்ததுக்கு முன்பணம் கொடுங்கள். உதிரியை நீங்களே வாங்கித் தந்து கூலி மட்டும் பேசுவது நல்லது. கழற்றிய பழைய உதிரிகளைப் பெட்டியில் போட்டுத் திரும்ப வாங்குங்கள். அவற்றில் சில வேறொருவர் தேடும் அசல் பாகமாக இருக்கும்.

கையில் இருக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். டிங்கரிங்கில் பெயிண்டைச் சுரண்டியதும் வெளிவரும் துரு அந்தப் பங்கைக் கேட்கும். வாசல் அடிப்பட்டையும் தரையும் உள்ளே பட்டியால் அடைத்திருக்கும். காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டாத இடமெல்லாம் பட்டி. இந்தக் காரில் பாடியும் சேசிஸும் ஒன்றே என்பதால் தரைத் துரு அழகுப் பிரச்சினை இல்லை, பலத்தின் பிரச்சினை.

பெயிண்டிங்கை ஐப்பசி, கார்த்திகையில் வைக்காதீர்கள். ஈரக் காற்றில் பெயிண்ட் மங்கிப் பூக்கும். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரங்களிலும் பொங்கலையொட்டியும் பட்டறையில் உங்கள் வண்டி ஓரம் கட்டப்படும். தையில் டிங்கரிங் ஆரம்பித்தால் வெயில் காலத்தில் பெயிண்ட் முடியும்.

11. ஆர்.டி.ஓ. ஆய்வு நாள்

ஆர்.சி., படிவம் 25, இன்சூரன்ஸ், புகைச் சான்று, கட்டண ரசீது, முகவரிச் சான்று, பென்சில் அச்சு, எஞ்சின் மாறியிருந்தால் அனுமதிக் கடிதமும் பில்லும். இவற்றை ஒரு கோப்பில் வரிசையாக வையுங்கள். காலாவதியான ஆர்.சி.யோடு வண்டியை ஓட்டிப் போகாதீர்கள். கட்டி இழுக்கும் வண்டியில் ஏற்றிச் செல்லுங்கள்.

பிரேக் இன்ஸ்பெக்டர் எண்களைத்தான் முதலில் பார்ப்பார். எண் தெரியும் இடங்களில் பெயிண்டோ கிரீஸோ இருக்கக் கூடாது. பிறகு ஹேண்ட் பிரேக், ஹாரன், வைப்பர், நான்கு இண்டிகேட்டர், பிரேக் விளக்கு. எஞ்சின் மாற்றம் இருந்தால் அவர் கேட்கும் முன் நீங்களே சொல்லிக் காகிதத்தை நீட்டுங்கள். மறைத்தது தெரிந்தால் கோப்பு அப்படியே நிற்கும்.

புதுப்பித்தல் முடிந்து சாலைக்கு வந்தபின், முதல் 500 கிலோமீட்டருக்குள் வீல் நட்டு, பிரேக் பைப் இணைப்பு, புரப்பெல்லர் ஷாஃப்ட் போல்ட், ஸ்டீயரிங் இணைப்புகள் ஆகியவற்றை மறுபடி இறுக்கிப் பாருங்கள். மூன்றாவது படியில் எழுதிய பட்டியலைத் திருத்தி எழுதி, ஒரு பிரதியை வண்டியிலேயே வையுங்கள். எங்கேயாவது நடுவழியில் நின்றால், அந்த ஊர் மெக்கானிக் அதைப் பார்த்து எந்த வண்டியின் ஸ்பேர் கேட்பது என்று தெரிந்துகொள்வார்.